"புகையிலை இல்லை சார், வெறும் பாக்குதான்": நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், ஆலை எதையும் சொல்லவில்லை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் புகையிலை, பாக்கு போன்ற பழக்கங்களை விட வருபவர்களுக்கு ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்த நிகழ்வில் என் தவறும் இருக்கிறது, அதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 31. நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் பகுதியில் சைடர் வேலை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மனைவி, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. பீடி, சிகரெட் கிடையாது. குடி எப்போதாவது, விசேஷம் என்றால் உண்டு.

பஞ்சாலைக்குள் ஒரு பொறி பட்டால் போதும், எல்லாம் போய்விடும். அதனால் கேட்டிலேயே தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். புகைக்க முடியாத இடத்தில் மெல்லும் பழக்கம் தானாகப் பரவும். கையும் ஓய்வாக இருக்காது, வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது. இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு மேல் கண்ணைச் சொருகும். அந்த நேரத்தில்தான், 22 வயதில், கூட வேலை பார்த்த ஒரு அண்ணன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கிழித்துக் கையில் கொட்டி, "போட்டுக்கடா தம்பி, தூக்கம் பறந்துரும்" என்றிருக்கிறார். முதல் நாள் காது சூடாகி, வியர்த்து, தலை கிறுகிறுத்ததாம். ஆனால் தூக்கம் போனது நிஜம்.

அது வாசனை போட்ட இனிப்புப் பாக்கு, புகையிலை கலக்காதது. தமிழ்நாட்டில் 2013லிருந்து குட்காவுக்குத் தடை உண்டு, ஆனால் புகையிலை சேராத பாக்கு அந்தத் தடைக்குள் வராது. பெட்டிக்கடையில் மிட்டாய்ச் சரம் பக்கத்திலேயே சரமாகத் தொங்கும். வாரத்துக்கு நாலு பொட்டலம் என்று தொடங்கியது மூன்றாவது வருடத்தில் தினம் பத்து ஆனது, என்னிடம் வந்தபோது ஒரு நாளைக்கு 25 முதல் 30. பகல் ஷிப்டிலும் அதே கணக்குத்தான். தூக்கத்தை விரட்டப் போட்டது எப்போதோ முடிந்துபோயிருந்தது, அதற்குப் பிறகு போடாவிட்டால் வேலை ஓடாது என்பதற்காகப் போட்டார்.

2022: கையில் கிடைத்த வாய்ப்பு போனது

2022 ஆகஸ்ட்டில் அந்த ஆலையில் ஒரு பல் பரிசோதனை முகாம். ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். விவரம் எழுதி வாங்கியவர்களில் நானும் ஒருவன். எங்கள் படிவத்தில் மூன்று கேள்விகள்: புகைப்பழக்கம் உண்டா, மது உண்டா, புகையிலை மெல்லுவது உண்டா. மூன்றுக்கும் அவர் இல்லை என்றார். விசேஷத்துக்குக் குடிப்பதை விட்டால், அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் "பழக்கம் எதுவும் இல்லை" என்று டிக் போட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். பல்லில் கறை இருப்பதாகவும், காரம் சாப்பிட்டால் எரிவதாகவும் அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது அது என் கையெழுத்து.

காரம் எரிவது, பாக்கால் வாய்க்குள் நார் கட்டி இறுகும் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. அன்றைக்கு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் 18 மாதம் முன்னாடியே தொடங்கியிருக்கலாம்.

2024 தை, மாசி: கவனித்தவை

அவருடைய மனைவிதான் முதலில் கவனித்தவர். வீட்டில் குழம்பு வைத்தால் தொடுவதில்லை, எந்நேரமும் தயிர்ச்சோறு. புரோட்டாவை மெல்ல முடியாமல் பாதியில் எழுந்துவிடுகிறார். லட்டு கொடுத்தால் நாலாக உடைத்துத்தான் வாய்க்குள் போகிறது. கேட்டால் "பல்லு கூசுது" என்று பதில்.

அவருக்கே பயம் வந்தது வேறொரு நாளில். தை மாத ஜல்லிக்கட்டுக்குப் போயிருக்கிறார். சின்ன வயதிலிருந்து ஊரில் சீட்டி அடிப்பதற்குப் பேர் போனவர், வாடிவாசலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும் என்பார்கள். அன்று இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. கன்னம் உப்பவே இல்லை. கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டு மாட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள், அவர் மட்டும் திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தாராம். அந்த மாதக் கடைசியில் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாயைத் திறந்தால் நடுவிரல் மூன்றையும் செங்குத்தாகச் சேர்த்து வைக்கிற அளவு இடம் இருக்க வேண்டும், பெரும்பாலான பெரியவர்களுக்கு இருக்கும். அவருக்கு இரண்டு விரலே சிரமம். அளந்தபோது 24 மில்லிமீட்டர். கன்னத்தின் உட்பக்கம் வெளிறிப்போய், தொட்டால் உள்ளே கயிறு ஓடுவதுபோல் நார்ப்பட்டைகள். நாக்கு முழுசாக வெளியே நீளவில்லை. இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: ஓஎஸ்எம்எஃப், வாயின் உட்தோலுக்கு அடியில் நார் கட்டி இறுகிப்போகும் நோய்.

இந்த முறை நான் கேள்வியை மாற்றினேன். "வாயில் என்ன போடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை சார். பாக்குதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

அவர் பதில் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னார், "சட்டை துவைக்கும்போது நான் எண்ணுவேன் சார். இவங்களுக்குத் தெரியாது."

இது அடிமைத்தனம்தானா

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரும், அவர் வீட்டில் இருந்தவர்களும், உண்மையைச் சொன்னால் எங்கள் மருத்துவமனையிலேயே சிலரும் இதை அப்படிப் பார்க்கவில்லை. "எங்க அப்பத்தா உரல்ல இடிச்சு இடிச்சு எண்பது வயசு வரைக்கும் போட்டாங்க சார், அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றிலை பாக்கு இல்லாமல் நம் வீட்டில் நிச்சயம் கிடையாது, கல்யாணம் கிடையாது, சாமிக்குப் படையல் கிடையாது. தட்டில் மங்கலமாக இருக்கிற ஒன்றைப் போதை என்று சொன்னால் யாருக்கும் மனசு ஒப்பாது.

ஆனால் பாக்கில் அரிகோலின் என்று ஒன்று இருக்கிறது. உடம்பைச் சூடாக்கி, எச்சிலைப் பெருக்கி, விழிப்பைத் தூண்டுவது அதுதான். 2015இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிகோடின் போய் ஒட்டுகிற அதே வகை ஏற்பிகளில் சிலவற்றில் அரிகோலினும் வேலை செய்வதைக் காட்டினார்கள். ஆக, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே ஆளைப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்தது. புகையிலையோடு சேர்ந்த பாக்கை மட்டுமல்ல, வெறும் பாக்கையே.

அப்பத்தா விஷயத்துக்கு வருவோம். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையோடு இரண்டு மூன்று வேளை போடுவதும், உலர்ந்த பாக்கைத் தனியாக இனிப்புத் தடவி நாள் பூராவும் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. பொட்டலப் பாக்கு போடுகிறவர்களுக்கு இந்த நார் கட்டும் நோய் சீக்கிரமே வந்துவிடுகிறது. அதற்காக அப்பத்தா போட்டது பாதுகாப்பானது என்றும் நான் சொல்ல மாட்டேன், வெற்றிலை பாக்கால் வாய்ப்புற்று வந்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

போதைப்பொருள் பழக்கம் நோயாகிவிட்டதா என்று பார்க்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் 11 அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே கவனிக்க வேண்டும், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். பாக்குக்கென்று அதில் தனித் தலைப்பு கிடையாது, ஆனாலும் அதே அளவுகோலை வைத்துப் பேசினோம். நினைத்ததைவிடக் கூடுதலாகப் போடுகிறார். மூன்று முறை விட முயன்று முடியவில்லை. கண் விழித்ததும் முதல் நினைப்பு அதுதான், பாக்கு போட்டால்தான் காலைக்கடனே நடக்கும் என்ற நிலை. முன்பு ஒரு பொட்டலத்தில் கிடைத்தது இப்போது மூன்றில் கிடைக்கிறது. போடாமல் இருந்தால் தலைவலி, எரிச்சல். வீட்டில் இதனால் சண்டை வந்தும் நிற்கவில்லை, வாய் எரிந்தும் நிற்கவில்லை. எண்ணிப் பார்த்தால் ஏழு.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இந்த ஏழையும்விடப் பெரிதாகப் பட்டது. முந்தைய வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். 48 நாள் குடி இல்லை, கறி இல்லை, செருப்புகூடப் போடவில்லை. பாக்கு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. குருசாமியும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அது விரதத்தை முறிக்கிற பொருளே இல்லை. இவ்வளவு கட்டுப்பாடு உள்ள ஒரு மனிதர் இதை மட்டும் விடவில்லை என்றால், விட வேண்டிய பட்டியலில் அது வரவே இல்லை என்பதுதான் காரணம்.

எடுத்த முடிவுகள்

முதலில் வெள்ளைத் திட்டு. தாமதிக்காமல் மதுரைக்கு அனுப்பிச் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். எர்ணாகுளம் பக்கம் இந்த நோய் உள்ளவர்களை 17 வருடம் பின்தொடர்ந்த ஒரு பழைய ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது தெரிந்திருக்கிறது, அதனால் இதில் "பார்ப்போம்" என்று விடக்கூடாது. ரிசல்ட் வரும்வரை பத்து நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. புற்று இல்லை, செல்களில் லேசான மாற்றம் மட்டும் என்று வந்தது.

அடுத்து, எப்படி விடுவது. நிகோடின் சூயிங்கம் கொடுக்கலாமா என்று பேசினோம். அவர் உடம்பில் நிகோடினே கிடையாது, புதிதாக ஒன்றை ஏன் பழக்க வேண்டும் என்று வேண்டாம் என்றோம். பாக்குப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ஆகவே பேச்சு, திட்டம், கூட இருப்பவர்களின் துணை, இவ்வளவுதான் கையில் இருந்தது.

படிப்படியாகக் குறைக்கலாம் என்பது என் யோசனை. அவர் ஒரேயடியாக விடுகிறேன் என்றார். "பாக்கெட்ல ஒண்ணு இருந்தாலும் கை போகும் சார்." அவரைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். மென்று பழகிய வாய்க்குக் கொஞ்சம் சோம்பு, அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர். கிராம்பு, ஏலக்காய் யோசனையை விட்டுவிட்டோம், அந்த வாயில் கிராம்பு நெருப்பு மாதிரி எரியும்.

ஆலையில் சொல்வதா என்பதில்தான் ரொம்ப நேரம் பேசினோம். வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. கடைசியில் அவர் சம்மதத்தோடு மேஸ்திரியிடம் மட்டும், "வாய்க்கு வைத்தியம் நடக்கிறது, ஒரு மாதம் பகல் ஷிப்ட் வேண்டும்" என்று கேட்டார். இரண்டு வாரம் கிடைத்தது.

மனைவியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், சட்டைப்பையைச் சோதிக்க வேண்டாம். "பயமா இருக்கே சார்" என்றார். பயம் புரிகிறது, ஆனால் ஒளிக்கிற ஆளும் தேடுகிற ஆளுமாக வீடு மாறிவிட்டால் தடுக்கி விழுந்த நாளில் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

முதல் முயற்சி

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை நிறுத்தினார். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் நின்றபடியே தூங்கிவழிந்து, பக்கத்து சைடரோடு வாய்ச்சண்டை. இழை அறுந்து சுற்றிக்கொண்டது தெரியாமல் நின்றிருக்கிறார், மேஸ்திரி வந்து திட்டியிருக்கிறார். மலச்சிக்கல். வீட்டுக்கு வந்து குழந்தை மேல் எரிந்து விழுந்துவிட்டு அழுதிருக்கிறார். இதெல்லாம் வரும், வந்து போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்ததாகப் பிறகு சொன்னார். எட்டாம் நாளுக்கு மேல் தணிந்தது. பதினைந்தாம் நாள் போனில் குரலே வேறு மாதிரி இருந்தது.

பத்தொன்பதாம் நாள் அக்கா மகனுக்குக் காதுகுத்து. இவர் தாய்மாமன், மடியில் உட்கார வைப்பதே இவர்தான். சபையில் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்கள். வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினார், ஒரு பெரியவர் "போடு மாப்ளை" என்றார், போட்டார். மறுநாள் இரண்டு பொட்டலம், நாலு நாளில் பத்து. இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை.

இதை அவருடைய மனவுறுதிக் குறைவு என்று எழுத எனக்கு மனமில்லை. இரவு ஷிப்டுக்குத் திட்டம் போட்டோம், டீக்கடைக்குத் திட்டம் போட்டோம், சம்பள நாளுக்குக்கூடப் போட்டோம். குடும்ப விசேஷத்துக்குப் போடவில்லை. இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது முயற்சி

மனைவி திட்டவில்லை, என்னிடம் போன் செய்துவிட்டு அவரிடமே போனைக் கொடுத்துவிட்டார். சித்திரை பிறந்த பிறகு மறுபடி தொடங்கினோம். இந்த முறை அவருடைய அக்காவையும் அம்மாவையும் உட்கார வைத்து டாக்டரே பேசினார். வாயைத் திறக்கச் சொல்லி அளவுகோலை வைத்துக் காட்டினார். அதுவரை "பாக்குக்குப் போய் இவ்வளவு பாடா" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்காதான் ஒரு வழி சொன்னார்: தட்டை இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மனைவி கையில் கொடுத்துவிடுவது. மரியாதையும் குறையாது, வாய்க்கும் போகாது. நான் யோசித்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

இதோடு வாரம் ஒரு முறை கன்னத்தில் ஊசி, ஆறு வாரம். தினமும் காலை, இரவு ஐஸ் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி வாயைத் திறக்கும் பயிற்சி, பழகப் பழக ஒரு குச்சி கூட்டுவது. வலிக்கும். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து குச்சியை எண்ணுமாம்.

இரவு ஷிப்ட் திரும்பியபோது இரண்டு முறை தடுக்கினார், இரண்டையும் மறுநாளே சொன்னார். இரண்டு முறையும் ஒரு பொட்டலத்தோடு நின்றது.

இப்போது

ஆறு மாதத்தில் 29 மில்லிமீட்டர், 14வது மாதத்தில் 31. இவ்வளவுதான், இன்னும் பெரிதாகக் கூடும் என்று டாக்டர் நம்பிக்கை கொடுக்கவில்லை. கட்டிய நார் முழுசாகக் கரைவதில்லை, விட்டால் மேலும் இறுகாமல் நிற்கும். இதை முதல் நாளே அவரிடம் நேராகச் சொல்லியிருந்தோம். எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது, மீன் குழம்பு சாப்பிடுகிறார். சீட்டி வரவில்லை. வெள்ளைத் திட்டு சுருங்கியிருக்கிறது, போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், வருகிறார்.

மாற்றியதும், இன்னும் மாறாததும்

படிவத்தை மாற்றினோம். இப்போது முதல் கேள்வி: "வாயில் போட்டு மெல்லுவது என்னென்ன? பாக்கு, வெற்றிலை, சீவல், பொட்டலம், ஒரு நாளைக்கு எத்தனை?" ஆமா இல்லை என்று டிக் போட அதில் இடமில்லை, எண்ணிக்கைதான் எழுத வேண்டும். காரம் எரிகிறது என்று யார் சொன்னாலும் மூன்று விரல் வைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. பழக்கம் விட வருகிறவரிடம் அடுத்த ஆறு மாதத்தில் வீட்டில் என்னென்ன விசேஷம் என்று கேட்டு எழுதி வைக்கிறேன், முகூர்த்த மாதங்களில் நானே முந்திப் போன் செய்கிறேன்.

அந்த ஆலைக்கு மறுபடி முகாம் போட்டோம். 2022இல் நான் "பழக்கம் எதுவும் இல்லை" என்று எழுதியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். பாதிப் பேர் வேலை மாறிப் போய்விட்டார்கள். கிடைத்தவர்களில் நான்கு பேருக்கு மூன்று விரல் நுழையவில்லை. அவர்களில் ஒருவர், நம் ஆளுக்கு முதல் பொட்டலத்தைக் கொடுத்த அந்த அண்ணன். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தியது இவர்தான்.

கேட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் சரம் இன்னும் தொங்குகிறது.